சிறு தீவு சொல்லும் பாடம்

ரந்தாவ் பக்கமோ பகாவ் பக்கமோ பேருந்தில் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை மரங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு செம்மண் சாலை. அந்தச் சாலை முடியும் இடத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சில வரிசை வீடுகள். பச்சைக் கடலின் நடுவே ஒரு தீவு இருப்பது போலத் தோன்றும்.

நெகிரி செம்பிலானின் பழைய தோட்டங்கள் உண்மையிலேயே தீவுகளாகத்தான் இருந்தன. தோட்டத்துக்கென ஓர் எல்லை இருந்தது. அதற்கு ஒரே ஒரு விளைபொருள் இருந்தது. துரை, கிராணி, கங்காணி என்று ஓர் ‘அரசாங்கமும்’ இருந்தது. பள்ளி, கோயில், ஆயாக் கொட்டகை, மளிகைக் கடை எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே அமைந்துவிட்டன. அதனால் பலர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தனர். “நாம் தோட்டத்து ஆட்கள். நம் கூட்டம் சிறியது. நம்மால் என்ன ஆகும்?” என்ற பேச்சும் அங்கேதான் பிறந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

சிறியதாக இருப்பது குறையாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து கட்டி எழுப்பிய ஒரு சின்னஞ்சிறு தீவு நாட்டைக் காட்ட விரும்புகிறேன். அந்த நாடு மொரீசியஸ்.

மொரீசியஸ் இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர்தான். நெகிரி செம்பிலானின் பரப்பளவோ 6,686 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்துக்குள் மூன்று மொரீசியஸை அடக்கிவிடலாம். மக்கள்தொகையில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் 12 இலட்சம் பேர் அளவில் வாழ்கின்றனர். அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 828 மீட்டர். நம் அங்சி மலையில் ஏறியவர்களுக்கு அந்த உயரம் எவ்வளவு என்று தெரியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

எரிமலை கக்கிய பாறைகளால் உருவான தீவு அது. சுற்றிலும் பவளப்பாறைகள் அரண்போல் நிற்கின்றன. அங்கே எண்ணெய் வளமோ ஈயமோ தங்கமோ இல்லை. ஆண்டுதோறும் புயல் அச்சம் உண்டு. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீசிய ‘கேரல்’ என்னும் புயல் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. இத்தகைய புயலைத் தாங்கும் பயிர் எது? காற்றடித்தால் வளைந்து, பிறகு நிமிரும் கரும்புதான். தீவெங்கும் கரும்புத் தோட்டங்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கரும்பை நட்டவர்கள் யார்? பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரி வட்டாரத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயி நகரைக் கட்டச் சென்றனர். கரும்புத் தோட்டங்களிலோ ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பே சுரண்டப்பட்டது. 1810-இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1835-இல் அங்கு அடிமைமுறையை ஒழித்தனர். அந்த இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தனர். 1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் 36 பேர் வந்திறங்கினர். அதன்பின் 1920-ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர். தமிழரும் தெலுங்கரும் கணிசமாக இருந்தனர். அவர்கள் மிதித்து ஏறிய 16 கற்படிகள் போர்ட் லூயி துறைமுகத்தில் இன்றும் உள்ளன. ‘ஆப்பிரவாசி காட்’ எனப்படும் அந்த இடத்தை யுனெஸ்கோ 2006-இல் உலக மரபுடைமையாக அறிவித்தது.

அங்குத் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது? ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே நடமாட முடியாது. விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்த நம் பாட்டன் பூட்டன்மாருக்கு இந்தக் கதை அந்நியமாக இருந்திருக்காது. அங்கே கரும்பு, இங்கே கித்தா, வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட தோட்டத்துக் கூலிகளின் தீவு ஒரு நாடாக எழுந்து நின்றதற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது, ஒரே பயிரை நம்பி வாழும் நிலையை அவர்கள் மாற்றினார்கள். 1968-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் மொரீசியஸ் விடுதலை பெற்றபோது, அதன் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்தே வந்தது. சர்க்கரை விலை சரிந்தால் நாடே சரிந்துவிடும். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் என்ற பொருளியல் அறிஞர் 1961-இல் அத்தீவைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பெருகும் மக்கள்தொகை, ஒற்றைப் பயிர், வேலையின்மை ஆகியவற்றைக் கண்ட அவர், அதன் எதிர்காலத்தைப் பற்றி அவநம்பிக்கையே கொண்டார்.

மொரீசியஸ் மக்கள் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கினர். 1970-இல் ஏற்றுமதித் தொழில்களுக்குச் சலுகை தரும் சட்டத்தை இயற்றினர். ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாகத் தோட்டத்துக்கு வெளியே சம்பளம் பெற்றனர். அடுத்துக் கடற்கரைகளை நம்பிச் சுற்றுலாத்துறை வளர்ந்தது. பின்னர் வங்கித்துறை, தகவல் தொழில்நுட்பம் எனக் கிளைகள் பெருகின. கரும்பையும் அவர்கள் கைவிடவில்லை. சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். குப்பை என்று ஒதுக்கியது விளக்கேற்றுகிறது.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். ஒரே வகை மரம் ஓராயிரம் நின்றாலும் அது ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பாகாது என்பதை நம் தோட்டங்களின் வரலாறும் காட்டுகிறது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். “பால் விலை இறங்கினால் பானையில் அரிசியும் இறங்கும்” என்று என் தாத்தா சொல்வார். பின்னர்ப் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் சிரம்பானையும் நீலாயையும் சுற்றியிருந்த பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளி வேலையை மட்டுமா இழந்தார்? குடியிருந்த வீடு, பிள்ளை படித்த பள்ளி, கும்பிட்ட கோயில், பேசிப் பழகிய அண்டை அயலார் அனைத்தையும் ஒரே நாளில் இழந்தார். எல்லாமே ஒரே கயிற்றில் தொங்கியதுதான் அதற்குக் காரணம்.

இந்த இடத்தில் மொரீசியஸ் தொழிலாளர்களுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பைக் குறிப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கரை விலை இறங்கியபோது, பெருந்தோட்ட முதலாளிகள் தங்கள் நிலத்தின் ஓரங்களைச் சிறுசிறு துண்டுகளாக விற்றனர். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் காசு சேர்த்து அவற்றை வாங்கினர். கூலிக்கு வந்தவர் சிறு நில உடைமையாளர் ஆனார். சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தவரால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், முதலாளி முன் நிமிர்ந்து பேசவும் முடிந்தது.

மலாயாவிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஆனால் 1950-களில் அது நிகழ்ந்தபோது நிலத்தை வாங்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். அந்த வேதனையைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் சிறுதொகைகளாகப் பங்குப் பணம் திரட்டி, அந்தப் பணத்தால் தோட்டங்களையே வாங்கினார். சிறியவர்கள் சேர்ந்தால் பெரியதைச் செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று அது.

இரண்டாவது, அவர்கள் கல்வியை ஆட்சிக்குச் செல்லும் படியாக்கினார்கள். மொரீசியஸ் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி இதுதான். நெடுங்காலம் அங்கே சொத்து உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. 1947-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதை மாற்றியது. தீவில் வழங்கும் ஏதேனும் ஒரு மொழியில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்; வாக்களிக்கலாம் என்று அது கூறியது. அந்த மொழிகளுள் தமிழும் ஒன்று.

மாணவர்களே, அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கைகள் மாலையில் பலகை பிடித்து எழுத்துப் பழகின. ஊர்தோறும் மாலை வகுப்புகள் நடந்தன. தொண்டர்கள் பெரியவர்களுக்கு அரிச்சுவடி கற்பித்தனர். விளைவு என்ன? முன்பு ஏறத்தாழ 12,000-ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 1948 தேர்தலில் 70,000-ஐத் தாண்டியது. தொழிலாளர்களின் பிரதிநிதிகள் சட்டமன்றத்துக்குள் நுழைந்தனர். தாய்மொழியில் எழுதிய ஒரு சிறு வாக்கியம் ஒரு மனிதரைக் குடிமகனாக்கியது! 1959-இல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. விடுதலைக்குப் பின் 1977-இல் இடைநிலைக்கல்வி இலவசமாக்கப்பட்டது. 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்துப் பயணமும் இலவசம். அந்த நாடு தனக்கென நிலையான இராணுவம் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காவல்துறையே பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது, அவர்கள் ஆட்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். மொரீசியஸ் நாடாளுமன்றத்துக்கு 62 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர்கள், ஆப்பிரிக்க, ஐரோப்பிய வழியினர் எனப் பலர் வாழும் நாடு அது. தேர்தலில் ஏதேனும் ஒரு சமூகத்துக்கு உரிய இடம் கிடைக்காவிட்டால், தோற்றவர்களுள் கூடுதல் வாக்குப் பெற்றவர்களைக் கொண்டு 8 இடங்கள்வரை நிரப்பப்படுகின்றன. இந்த முறை மக்களை இனத்தால் பிரிக்கிறது என்று அங்கேயே பலர் குறைகூறுகின்றனர். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆயினும், சிறுபான்மையினரின் குரலும் அவையில் ஒலிக்க வேண்டும் என்ற நோக்கம் மதிக்கத்தக்கது. 1992-இல் மொரீசியஸ் குடியரசானபோது அதன் முதல் அதிபராகப் பொறுப்பேற்றவர் தமிழ் வழியினரான வீராசாமி ரிங்காடு.

சிறிய நாடு என்பதால் அவர்கள் பெரிய நாட்டின்முன் வாய்மூடி நிற்கவுமில்லை. 1965-இல் பிரிட்டன் பிரித்து வைத்துக்கொண்ட சாகோஸ் தீவுகள் தமக்கே உரியவை என்று உலக அரங்கில் வாதாடினர். 2019 பிப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம் மொரீசியஸின் பக்கமே கருத்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை ஆறு நாடுகள் மட்டுமே. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா?

“தனி நாட்டையும் நம் தோட்டத்தையும் ஒப்பிடுவது முறையா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொரீசியஸில் இந்திய வழியினர் பெரும்பான்மையினர். இங்கே நாம் சிறுபான்மையினர். அவர்களால் சட்டம் இயற்ற முடிந்தது. தோட்டத் தொழிலாளியால் துரையின் கட்டளையை மாற்ற முடியவில்லை. மேலும், மொரீசியஸ் குறையே இல்லாத சொர்க்கமும் அன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்னும் பின்தங்கியே உள்ளனர். உணவில் பெரும்பகுதியை அந்நாடு இறக்குமதி செய்கிறது. 2020-இல் உலக வங்கி அதனை உயர் வருமான நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. கோவிட் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றன, சுற்றுலா முடங்கியது, மறு ஆண்டே அந்த இடம் பறிபோனது. பல கிளைகள் இருந்தும், ஒரு கிளை முறிந்தால் மரம் ஆடத்தான் செய்கிறது.

அதே 2020-ஆம் ஆண்டு ஜூலையில் ‘வாக்காஷியோ’ என்னும் கப்பல் பவளப்பாறையில் மோதியது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. அப்போது மக்கள் கைகட்டி நிற்கவில்லை. துணிகளைப் பை போலத் தைத்து, அவற்றில் கரும்புச் சோகையை அடைத்து, மிதக்கும் தடுப்புகளாகக் கட்டிக் கடலில் இறக்கினர். ஒரு காலத்தில் தங்களைக் கட்டிப்போட்ட கரும்பைக் கொண்டே தங்கள் கடலைக் காத்தனர். நாம் கற்க வேண்டியது அவர்களின் செல்வத்தை அன்று, இந்தக் குணத்தைத்தான்.

இவ்வளவையும் சொன்ன நான், அங்கே நிகழ்ந்த ஓர் இழப்பையும் சொல்லாமல் விட முடியாது. மொரீசியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் புதிய தாள்களில் தமிழுக்கு முன் இந்தி அச்சிடப்பட்டபோது, தமிழர்கள் போராடினர். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. தைப்பூசம் அங்கே பொது விடுமுறை. நம் நெகிரி செம்பிலானிலும் அப்படியே. பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே. காவடி எடுக்கும் இளைஞரும் கிரியோல் மொழியில்தான் தம் தாயிடம் தண்ணீர் கேட்கிறார். பணத்தாளில் தமிழ் இருக்கிறது, நாவில் இல்லை.

இந்த ஒன்றில் நம் தோட்டங்கள் அந்தத் தீவை விஞ்சி நின்றன. மலாயாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. ஒழுகும் கொட்டகைகளிலும் ஒற்றை ஆசிரியரோடும் அவை தொடங்கின. லின்சம், சிலியாவ், ஜெராம் பாடாங் எனத் தோட்டங்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் அந்த மரபின் தொடர்ச்சி. அவற்றால்தான் நீங்கள் இந்தப் பகுதியைத் தமிழில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தீவு பெற்றதை நாம் இன்னும் முழுமையாகப் பெறவில்லை. அது இழந்ததை நாம் இன்னும் இழக்கவில்லை.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை என்ன? ஒரே தொழிலை, ஒரே வருவாயை நம்பி இருத்தல் ஆகாது. சேவல் கூவும் முன்னே எழுந்த பெற்றோரின் உழைப்பு, பிள்ளையின் கல்வியாகவும் கைத்தொழிலாகவும் மாற வேண்டும். தனித்தனியாக இயலாததைக் கூட்டுறவாகச் செய்யப் பழக வேண்டும். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதல் சட்டமன்றம்வரை நடப்பவற்றை அறிந்து பேச வேண்டும். நெகிரி செம்பிலானில் மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் 36 பேர். 2021 டிசம்பர் முதல் நம் நாட்டில் 18 வயது நிரம்பியவர்கள் வாக்களிக்கலாம். இதைப் படிக்கும் உங்களுக்கு அந்த நாள் வெகுதொலைவில் இல்லை. அன்று ஒரு வாக்கியம் எழுதக் கற்று வாக்குரிமை பெற்ற கரும்புத் தோட்டத் தொழிலாளியை நினைவில் வையுங்கள். அவர் இரவெல்லாம் விழித்துப் பெற்றது, உங்களுக்கு வயது நிரம்பிய அன்றே கிடைத்துவிடுகிறது. அதை வீணாக்கலாமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழை மேடையிலும் அழைப்பிதழிலும் மட்டும் வைத்திராமல் அடுப்படியிலும் கைப்பேசியிலும் வைத்திருக்க வேண்டும். இதற்கு அரசாங்கச் சட்டம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தமிழில் பேசினால் போதும்.

நிலப்பரப்பு இயற்கை தந்தது. அதை நம்மால் நீட்ட முடியாது. ஆனால் அதற்குள் எப்படி வாழ்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. செம்பனைக்கு நடுவே இருந்த தோட்டம் ஒரு காலத்தில் நம்மைச் சூழ்ந்த வேலியாக இருந்திருக்கலாம். தீவில் பிறந்தவர்கள் கடலை வேலியாக எண்ணவில்லை, வழியாக எண்ணினர். நாமும் அப்படி எண்ணத் தொடங்கினால், ‘நாம் சிறியவர்கள்’ என்ற பேச்சு நம் வீடுகளிலிருந்து தானாகவே விடைபெறும் என்பது என் உறுதியான நம்பிக்கை.